விலைபோகாத நிலம்

நகரின் நடுவே ஐந்து ஏக்கர் நிலம் இருக்கிறது எனக் கொள்வோம். சாலை உண்டு, குடிநீர்க் குழாய் உண்டு, மின்சாரமும் உண்டு. ஆயினும் பல ஆண்டுகளாக அதை வாங்குவார் எவருமில்லை. அமெரிக்காவின் பழைய தொழில் நகரங்களில் இத்தகைய மனைகள் ஏராளம். நாடு முழுவதும் 4,50,000-க்கும் மேற்பட்டவை இருக்கக்கூடும் என அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ‘பிரௌன்பீல்டு’ என்பது இவற்றிற்கு அவர்கள் இட்ட பெயர். மூடப்பட்ட ஆலை, பழைய பெட்ரோல் நிலையம், உலர்சலவைக் கடை ஆகியவை இருந்த இடங்களே இவற்றுள் பல.

வாங்க அஞ்சுவது ஏன்? நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள லவ் கால்வாயின் கதையைக் கேளுங்கள். பாதியில் கைவிடப்பட்ட அக்கால்வாயில் 1953 வரை ஓர் இரசாயன நிறுவனம் ஏறத்தாழ 21,000 டன் கழிவுகளைப் புதைத்தது. பின்னர் அந்நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்திடம் விற்றது. அங்கே பள்ளி எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. நாளடைவில் நஞ்சு வீடுகளின் நிலவறைகளுக்குள் கசிந்தது. 1978-ல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1980-ல் ஒரு கடுமையான சட்டம் பிறந்தது. நிலத்தைக் கெடுத்தவர் மட்டுமன்றி, இப்போதைய உரிமையாளரும் தூய்மைப்படுத்தும் செலவை ஏற்க நேரலாம் என்றது அது.

நோக்கம் நல்லதுதான். ஆனால் விளைவைப் பாருங்கள்! மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலத்தை வாங்க யார் துணிவார்? சோதித்து நஞ்சு தென்பட்டால் தொல்லை என்று எண்ணி, உரிமையாளரும் சோதிப்பதில்லை. உண்மையிலேயே தூய்மையாக இருக்கும் நிலமும் ஐயத்தினாலேயே பாழாய்க் கிடக்கும். நஞ்சுள்ள நிலத்திலோ அக்கம்பக்கத்துச் சிறுவர்கள் பந்து விளையாடுவர். இந்த முடிச்சை அவிழ்க்கவே அரசு சோதனைச் செலவை ஏற்றது. 1993-ல் ஓகையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரம் அமைந்துள்ள கயகோகா மாவட்டத்திற்கு 2,00,000 டாலர் வரையிலான முதல் முன்னோடி உதவி அளிக்கப்பட்டது. மிதந்த எண்ணெய் 1969-ல் பற்றிக்கொண்டு ஆறே எரிந்ததே, அதே கயகோகாதான்! 2002-ல் இத்திட்டத்திற்கென ஒரு சட்டம் வந்தது. வாங்குமுன் முறையாக ஆய்வு செய்து, உரிய விதிகளையும் பின்பற்றுபவருக்கு அது பாதுகாப்பும் அளித்தது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் 150 கோடி டாலர் ஒதுக்கியது.

ஆய்வின் முதற்கட்டத்தில் மண்வெட்டிக்கு வேலையில்லை. பழைய பத்திரங்களைப் புரட்டுகின்றனர், முதியோரை விசாரிக்கின்றனர். சான்போர்ன் நிறுவனம் தீக்காப்பீட்டிற்காக வரைந்த நகரப் படங்கள் இங்கே பெரிதும் உதவுகின்றன. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள் என வண்ணமிட்டு, கொதிகலனும் எண்ணெய்த் தொட்டியும் எங்கே இருந்தன என்றும் அவற்றில் குறித்துள்ளனர். தீக்கு அஞ்சி வரைந்த படம் நஞ்சைக் காட்டிக்கொடுப்பது வியப்பன்றோ!

ஐயம் வலுத்தால் அடுத்து மண்ணைத் துளையிடுவர். எந்த ஆழத்தில் மாதிரி எடுப்பது என்பதே இங்குக் கேள்வி. பெட்ரோல் நீரைவிட இலேசானது. எனவே கசிந்த பெட்ரோல் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். உலர்சலவையில் பயன்பட்ட பெர்குளோரோ எத்திலீன் நீரைப்போல் சுமார் 1.6 மடங்கு அடர்த்தியுடையது. அது நீருக்குள்ளும் மூழ்கி, களிமண் அடுக்கு தடுக்கும்வரை இறங்கும். மேல்நீரை மட்டும் மொண்டு சோதிப்பவர் ஏமாந்துபோவார். அதன் ஆவியோ மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி, தரையின் வெடிப்புகளினூடே வீட்டிற்குள் புகும். ஆகவே மண்ணிடைக் காற்றையும் உறிஞ்சிச் சோதிக்க வேண்டும்.

ஈயத்தின் இயல்பு வேறு. அது எளிதில் நகராது, மேல்மண்ணிலேயே தங்கும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அதுவே ஆபத்து. மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குடியிருப்பு மண்ணில் ஈயத்திற்கான எச்சரிக்கை அளவு நெடுங்காலம் பத்து இலட்சத்தில் 400 பங்காக இருந்தது. 2024-ல் 200 ஆகக் குறைக்கப்பட்டது. அதாவது ஒரு கிலோ மண்ணில் 200 மில்லிகிராம், சிறு சிட்டிகை உப்பளவுதான்! முன்பு ‘கவலையில்லை’ என விடப்பட்ட மனைகள் சிலவற்றை இன்று மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

சோதனை வேறு, தூய்மை வேறு என்பதையும் மறத்தலாகாது. அறிக்கை அலமாரியில் உறங்கினால் ஈயம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அறிக்கை கையில் இருந்தால் எதைக் கட்டலாம் என்று முடிவு செய்யலாம். கிடங்கு கட்டுவதானால் மேலே கான்கிரீட் தளமிட்டு மூடினாலே போதும் என்ற நிலை சில மனைகளில் உண்டு. குழந்தைகள் பள்ளிக்கு அது போதாது. மேல்மண்ணையே அகற்ற வேண்டியிருக்கும். காய்கறித் தோட்டம் போட விரும்புவோரிடம், உயரமான மரச்சட்டங்களில் வேற்றிடத்து நல்ல மண்ணை நிரப்பிப் பயிரிடுமாறு கூறுகின்றனர்.