மலைபடுகடாம் காட்டும் மலைவழி

முன்னுரை

சின்ன காஞ்சிபுரம் மலை காணாத ஊர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் சமநிலம் அது. எங்கள் ஊரில் மலை என்னும் பெயரைத் தாங்கி நிற்பது வரதராசப் பெருமாள் கோயிலின் அத்திகிரி ஒன்றே; அதற்கும் 24 படிகளே உள்ளன. தறியோசை கேட்டு வளர்ந்த எம்போன்றோர்க்கு மலை என்பது நெடுங்காலம் ஏட்டில் படித்த சொல்லாகவே இருந்தது.

ஆயினும் எங்கள் ஊரைப் பாடிய சங்கப் புலவர் மலையை மறந்தாரல்லர். தொண்டைமான் இளந்திரையனின் கச்சி நகருக்குப் பாணனை வழிப்படுத்தும் பெரும்பாணாற்றுப்படையில், திருவெஃகாவில் பாம்பணை மீது பள்ளிகொண்ட திருமாலுக்கு உவமை கூற வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், காந்தள் பூத்த மலைச்சாரலில் படுத்திருக்கும் களிற்றைக் காட்டுகிறார். அத்திருவெஃகா இன்றைய சின்ன காஞ்சிபுரத்தில்தான் உள்ளது. சமநிலத்து ஊருக்கு மலையையும் யானையையும் கொண்டுவந்து சேர்த்த அவ்வுவமை, மலையையே யானையாகக் கண்ட மற்றோர் ஆற்றுப்படையை நினைவூட்டுகிறது. அதுவே மலைபடுகடாம்.

அந்நூல் கூறும் மலைவழிக் குறிப்புகளை இக்காலத்து உயர்மலைப் பயணத்தோடு ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வொப்பீட்டுக்கு நூலறிவு மட்டும் காரணமன்று. மாணவர் பன்னிருவரோடு இமயச்சாரலில் நடந்தபோது நான் செய்த ஒரு பிழையும் காரணமாகும்.

நூலும் நிலமும்

பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து. அவற்றுள் இறுதியாக வைக்கப்பட்டுள்ளது, கூத்தராற்றுப்படை என்றும் வழங்கும் மலைபடுகடாம். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், பல்குன்றக் கோட்டத்துத் தலைவன் நன்னன் சேய் நன்னனைப் பாடியது. 583 அடிகளை உடையது. மலையை யானையாகவும், மலையில் எழும் பல்வேறு ஓசைகளை அதன் மதநீராகவும் உருவகித்தமையால் இப்பெயர் பெற்றது. நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை 1889இல் டாக்டர் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தபின் இந்நூல் கற்போர் கைக்கு எளிதில் கிட்டியது.

நன்னனின் ஊர் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். நூலில் வரும் நவிரமலையைப் பருவதமலை என்றும், சேயாற்றைச் செய்யாறு என்றும் அறிஞர் கொள்வர். சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. காஞ்சியைத் தழுவிவரும் வேகவதியும் அங்கேயே கலக்கிறது. நன்னன் மலையின் நீரும் எங்கள் ஊர் நீரும் ஓரிடத்தில் கூடுவதை எண்ணும்போது, இந்நூல் எமக்கு அயலானதன்று என்பது புலனாகும்.

நூல் கூறும் மலைவழி

பரிசில் பெற்று மீள்பவர், பெறாது வருந்தி வருபவரை எதிர்ப்பட்டு வழி கூறுவதே ஆற்றுப்படையின் இலக்கணம். ஆகவே வழிகூறுபவன் அவ்வழியைத் தன் காலால் நடந்தவனாதல் வேண்டும். மலைபடுகடாத்துக் கூத்தன் மலையின் அழகையும், கிடைக்கும் உணவையும், குறவர் விருந்தோம்பலையும் கூறுவதோடு நில்லாமல், வழியின் தீமைகளையும் ஒளியாது கூறுகிறான். அவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

ஒன்று, புறப்படும் காலம். தினைப்புனத்தின் அருகே பன்றியைக் கொல்லக் கற்பொறிகள் வைக்கப்பட்டிருக்கும். எனவே இருளில் நடவாது, விடிந்தபின் செல்க என்கிறான்.

இரண்டு, கண்காணாத் தீமை. ஆள் நடமாட்டமற்ற வழியில் பாம்புகள் மறைந்திருக்கும். கருத்தோடு நோக்கி, விலகிச் செல்க என்கிறான். யானையை விரட்டப் புனங்காப்போர் எறியும் கவண்கற்கள் கூற்றுவனைப்போல் வரும்; மரங்களில் மறைந்து கடந்து செல்க என்கிறான்.

மூன்று, அடி வழுக்கும் இடம். நுண்ணிய பாசி படர்ந்து கால் நிலைகொள்ளாத இடங்களில் மூங்கிலையும் கோரைத் தண்டையும் பற்றிக்கொள்க என்கிறான். ஆழ்ந்த மடுவின் கரையிலோ, பருத்த கொடிகள் சுற்றிய பற்றுக்கோட்டைப் பிடித்து, சிறுவர்களோடு ஒருவரை ஒருவர் காத்துக் கடந்து செல்க என்கிறான்.

நான்கு, வழி தவறினால் செய்ய வேண்டுவது. குறவரே மயங்கும் குன்றில் திசை தப்பினால் அலையாதீர். அகன்ற பாறையில் ஒன்றுகூடி உங்கள் இசைக்கருவிகளை இயக்குங்கள். காடு காக்கும் கானவர் அவ்வோசை கேட்டு, வெள்ளத்தில் சிக்கியவரை மீட்க ஓடிவருவார்போல் விரைந்து வருவர். கனியும் பூவும் காட்டி, இடர் நிறைந்த வழியில் அவர்கள் முன்னே நடப்பர் என்கிறான்.

ஐந்து, பின்வருவார்க்குச் செய்யும் கடமை. வழி பிரியும் இடத்தில் தவறான தடத்தை அழித்து, செல்ல வேண்டிய வழியில் புல்லை முடிந்து அடையாளம் இடுக என்கிறான்.

இவ்வைந்தும் இன்றைய மலையேற்றப் பயிற்சியின் பாடங்களோடு பெரிதும் ஒத்திருத்தல் நோக்கத்தக்கது. விடியற்பொழுதைக் கணக்கிடுதல், பாதையை ஆராய்தல், கயிற்றைப் பற்றுதல், வழி தவறினால் ஓரிடத்தில் நின்று ஒலியெழுப்புதல், அடையாளம் இடுதல் ஆகியவை எந்த மலைப்பயிற்சி நிலையத்திலும் கற்பிக்கப்படுவன. கானவரைப் போல முன்னே நடந்த மலைமகன் ஒருவரை உலகம் அறியும். 1953 மே 29 அன்று எட்மண்டு ஹில்லாரியோடு எவரெஸ்டு உச்சியை அடைந்த டென்சிங் நோர்கே அவர். 1954இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டபோது, களப்பயிற்சிக்கு அவரே முதல் இயக்குநரானார். 2023 மே 23 அன்று எவரெஸ்டை எட்டிய தமிழகத்தின் முதல் பெண்மணி முத்தமிழ்ச்செல்வியும் மலையறிந்தார் துணையோடு ஏறியவரே.

நூல் கூறாத ஒன்று

சவ்வாது மலையும் பருவதமலையும் இமயத்தோடு ஒப்பிடத் தாழ்ந்தவை. ஆதலின் உயரத்தால் உண்டாகும் நோயைப் பெருங்கௌசிகனார் பாடியிருக்க வாய்ப்பில்லை. மலையில் குவளைப் பூவைத் தொட்டாலும், வரையர மகளிரின் இருக்கையைக் கண்டாலும் உடல் வெதும்பி நடுக்கம் உண்டாகும். எனவே பல நாள் தங்காது நிலநாட்டுக்குச் செல்க என்று அவர் கூறுவதைக் கொண்டு, அவர் உயரநோயை அறிந்திருந்தார் என முடிவு கட்டுதல் மிகையாகும். மலையில் உடல் மாறுபட்டால் இறங்கிவிட வேண்டும் என்ற கருத்து அங்கு உள்ளது என்ற அளவில் கொள்ளுதலே முறை.

உயரம் ஏற ஏறக் காற்றில் உயிர்வளியின் விழுக்காடு குறைவதில்லை. காற்றின் அழுத்தமே குறைகிறது. 12,500 அடி உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் நாம் பெறும் உயிர்வளி கடற்கரையில் பெறுவதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. 18,000 அடியில் பாதியே. இதற்கு உடல் பழக நாட்கள் வேண்டும். பழகுமுன் விரைந்து ஏறினால் தலைவலி, குமட்டல், சோர்வு, உறக்கமின்மை தோன்றும். முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். மூளை வீங்கி நடை தள்ளாடும். இவை உயிரைப் பறிக்கவல்லன. இந்தியப் படைவீரர் 1,925 பேரிடம் கண்ட மலைநோய் பற்றி நம் நாட்டு இராணுவ மருத்துவர்கள் 1969இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. இளமையும் உடல்வலிமையும் இந்நோயைத் தடுப்பதில்லை. 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுதல், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு, நோய்க்குறி தோன்றினால் மேலேறாமை, மிகுந்தால் உடனே இறங்குதல் ஆகியவையே காப்பு.

ஆயத்தமும் பிழையும்

சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் விடுமுறையில் மாணவர் பன்னிருவரை உத்தராகண்டு மாநிலத்துக் கேதார்காந்தா மலைக்கு அழைத்துச் சென்றேன். மூன்று திங்கள் ஆயத்தம் செய்தோம். வைகறையில் நடந்தோம்; முதுகில் மணற்பை சுமந்து கல்லூரி மாடிப்படிகளில் ஏறி இறங்கினோம். பருவதமலையில் ஏறி, செங்குத்துப் பாறையில் நட்டுள்ள இரும்புக் கம்பிகளைப் பற்றியபடியே, கொடி சுற்றிய பற்றுக்கோடு பற்றிய அடிகளை விளக்கினேன். கம்பளியாடை, பழகிய காலணி, மருத்துவச் சான்று ஆகிய எல்லாம் முறைப்படி அமைந்தன.

புறப்படும் நாளில் நான் ஆற்றிய சிற்றுரையில்தான் பிழை நேர்ந்தது. “பன்னிருவரும் உச்சியில் நின்று படமெடுக்க வேண்டும், ஒருவர் பின்தங்கினாலும் கல்லூரிக்குத்தான் தலைகுனிவு” என்றேன். மாணவர் கைதட்டினர். ஊக்கமூட்டியதாக நானும் மகிழ்ந்தேன்.

தேராதூனிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சென்றால் சாங்க்ரி என்னும் மலைச்சிற்றூர். அதன் உயரம் 6,400 அடி. முதல் நாள் 9,100 அடி உயரத்தில் உறைந்து கிடந்த ஜூடா ஏரிக்கரை. மறுநாள் 11,250 அடி உயரத்து முகாம். பகலில் தேவதாரு மரங்களிடையே பனி ஒளிர்ந்தது. இரவில் குடிநீர்ப் புட்டியும் உறைந்தது. சமநிலத்திலிருந்து வந்தவர்க்கு இவ்வேற்றம் விரைவானதே. எங்கள் வழிகாட்டி சாங்க்ரி ஊரார், ஐம்பது வயதினர், நான்கு சொல்லில் பேசி முடிப்பவர். ஒவ்வொரு மாலையும் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் கேட்பார்: தலை வலிக்கிறதா? உண்டாயா? உறங்கினாயா?

மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர், எங்கள் ஊர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, மூன்றுக்கும் சிரித்தபடி நல்ல விடையே கூறி வந்தார். உச்சிக்குப் புறப்படும் நாள் அதிகாலை 2 மணிக்கு வழிகாட்டி விளக்கைப் பிடித்து அவர் முகத்தைப் பார்த்தார். ஓர் அடியின் விரலோடு மறு அடியின் குதிகால் படுமாறு நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாம் அடியில் அம்மாணவர் சாய்ந்தார். இரண்டு நாட்களாகத் தலைவலி. உண்டதையெல்லாம் கூடாரத்தின் பின்புறம் வாந்தியெடுத்துப் பனியால் மூடியிருக்கிறார்.

“ஏனப்பா சொல்லவில்லை?” என்றேன்.

“கல்லூரிக்குத் தலைகுனிவு என்று சொன்னீர்களே, ஐயா” என்றார்.

அவ்விடை எவ்வாறு என்னைத் தாக்கியிருக்கும் என்பதைக் கற்போர் உணர்வர். ஒருவரை ஒருவர் காத்துக் கடந்து செல்க என்ற அடிகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் வகுப்பில் விளக்கியவன் நான். மடுவின் விளிம்பில் சிறுவர்களோடு நடக்கும் அக்கூத்தர் கூட்டத்தில், யார் முதலில் கரை சேர்ந்தார் என்ற பேச்சே இல்லை. அதனை நான் சொல்லிக்கொடுத்தேன்; புறப்படும் நாளில் நேர்மாறானதைக் கற்பித்தேன்.

வழிகாட்டி என்னோடு ஆலோசிக்கவில்லை. “இவர் இப்போதே இறங்க வேண்டும்” என்றார். உயிர்வளிக் குடுவையை மாணவர் முகத்தில் பொருத்தினார். தம் துணையாளரை எங்களோடு அனுப்பி, ஏனைய பதினொருவரைத் தாம் அழைத்துச் சென்றார். நான் மாணவரோடு இறங்கினேன். பனியில் வழுக்காதிருக்கக் காலணியில் இரும்புப் பற்களைக் கட்டியிருந்தோம். துணையாளர் முன்னே நடந்து ஒவ்வொரு அடியையும் பதித்துக் காட்ட, மாணவரின் கையை நான் பற்றிக்கொண்டேன். இடர் நிறைந்த வழியில் முன்னே நடக்கும் கானவரை அன்றுதான் கண்ணால் கண்டேன். ஏரிக்கரையை அடையும்போது பொழுது புலர்ந்தது. மாணவர் சூடான கஞ்சி கேட்டார். நடை நேராகியிருந்தது. ஆயினும் நில்லாது சாங்க்ரி வரை இறங்கி, பின்னர் மருத்துவரிடம் காட்டினோம். இறையருளால் தீங்கு நேரவில்லை.

12,500 அடி உச்சியை நான் காணவில்லை. அங்கிருந்து சுவர்க்காரோகிணி சிகரத்தையும் பந்தர்பூஞ்சு சிகரத்தையும் கண்டதாகத் திரும்பிய மாணவர்கள் கூறினர். மேலும், பத்தாமவருக்கு மூச்சு வாங்கியபோது எஞ்சியோர் நின்று காத்திருந்ததையும் கூறினர். அதனைக் கேட்டபோது உச்சியைக் கண்ட நிறைவு எனக்கு உண்டாயிற்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் மூன்று. மலைபடுகடாம், புலவரின் கற்பனை வளத்தோடு, நடந்தறிந்தவரின் வழிக்குறிப்புகளையும் கொண்ட நூலாகும். இன்றைய மலையேற்ற நெறிகள் பல அதன்கண் முன்னரே இடம்பெற்றுள்ளன. உயரநோய் போன்றவற்றை இன்றைய மருத்துவத்திடமே கற்றல் வேண்டும். வழிகாட்டுதலின் பயன், வந்தவர் அனைவரும் நலமே மீளுதலாகும். பரிசில் பெற்றுத் திரும்பிய கூத்தனே பிறர்க்கு வழி கூற முடிந்தது என்பது இதனை உறுதிப்படுத்தும்.

மலையேற விரும்பும் மாணவச் செல்வங்கள் உடலைப் பழக்கி, மருத்துவரைக் கேட்டு, மலையறிந்தாரைத் துணைக்கொண்டு செல்க. தலைவலியை மறைக்காதீர், அதைச் சொல்வதில் இழிவில்லை. உங்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர் என்போல் பேசினால், மலைபடுகடாத்தை அவர்க்கு நினைவூட்டுங்கள். வழி பிரியும் இடத்தில் பின்வருவார்க்குப் புல் முடிந்து வைக்கச் சொன்னது அந்நூல். இக்கட்டுரையை யான் முடிந்துவைத்த புல்லாகக் கொள்க.