மாலைப் பசியும் மைதா மாவும்

வீட்டு வரவு செலவை எழுதி வைக்கும் நல்ல பழக்கம் உடைய அங்கத்தினர்கள், அண்மைக் காலத்தில் தம் கணக்கில் ஒரு புதிய இனம் புகுந்திருப்பதைக் கண்டிருப்பர். மாலை ஐந்து மணிக்கு மேல் கடைவீதியில் நின்றபடியே உண்ணும் பண்டங்களுக்கு ஆகும் செலவே அது. காளான், பானிபூரி, சில்லி சிக்கன், நூடுல்ஸ், முட்டைப் பரோட்டா, பேக்கரியில் விற்கும் பப்ஸ் என இதன் பட்டியல் நீளும். மாதத்தில் ஒரு நாள் குழந்தைகளை அழைத்துச் சென்று இவற்றை வாங்கிக் கொடுப்பது விருந்து. வாரத்தில் ஐந்து நாட்கள் இவற்றையே உண்பது உணவு முறை. நாம் இங்கே ஆராயப் புகுவது இரண்டாவதைப் பற்றியே. இவ்வுணவை வழக்கமாகக் கொள்வது உடலுக்குத் தகுமா என்பது ஒரு வினா. அறத்துக்குத் தகுமா என்பது மற்றொன்று. நெய்வோரும் பயிரிடுவோரும் ஒருங்கே அங்கம் வகிக்கும் சங்கத்தினர் நாம். ஆதலின் இரண்டாம் வினா நமக்குச் சற்று நெருக்கமானது.

முதலில் ஆதரவாகச் சொல்லப்படுவதைக் கேட்போம். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் காலை எட்டரை மணிக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை நடக்கும் வேலைக்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். சோமனூர், பல்லடம் வட்டாரத்து விசைத்தறிக் கூடங்களிலும் பன்னிரண்டு மணி நேர வேலை புதிதன்று. இவ்வாறு உழைத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பெண்ணிடம், "கம்பு இடித்துக் களி கிளறு" என்று கூறுவது எவ்வகை நியாயம்? ஆட்டுக்கல்லின் அருமையைப் பாடுவோரில் பெரும்பாலோர் அதன் குழவியைப் பிடித்துச் சுற்றியவர் அல்லர். அரைக்கும் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே பெற்ற ஊர் கோயம்புத்தூர். அடுப்படி உழைப்பைக் குறைப்பதில் நம்மவர் என்றும் பின்வாங்கியதில்லை. ஆகவே "வீட்டில் சமைக்கச் சோம்பல்" என்று பெண்கள்மீது பழி போட்டு முடிக்கும் வாதத்தை நாம் முற்றிலும் தள்ளுகிறோம். பசி உண்மை, நேரமின்மை உண்மை, கையில் இருக்கும் காசு குறைவு என்பதும் உண்மை.

விரைவும் தன்னளவில் குற்றமன்று. இட்டிலியைவிட விரைவாகத் தட்டுக்கு வரும் உணவு எது? முதல் நாள் அரைத்து, இரவெல்லாம் புளிக்க விட்டு, காலையில் பத்து நிமிடத்தில் வேக வைக்கிறோம். கரைத்த கம்மங்கூழும், அவித்த நிலக்கடலையும், நனைத்த அவலும், தேங்காய்ப் பால் ஊற்றிய சந்தகையும் அப்படிப்பட்டவையே. நேரம் அவற்றுள் முன்கூட்டியே செலவிடப்பட்டிருக்கிறது. இப்போதைய பண்டங்களில் அந்த நேரத்துக்குப் பதிலாகச் சேர்வன எவை என்பதுதான் கேள்வி.

இதற்கு நம் ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். கோவை நகரில் மாலை வேளையில் தள்ளுவண்டிகளில் விற்கும் காளான் வெளியூராரும் தேடிவந்து உண்ணும் பண்டம். பெயர் காளான், உள்ளே பெரும்பகுதி முட்டைக்கோசு. நறுக்கிய கோசுடன் சிறிது காளானைச் சேர்த்து, மைதாவும் சோளமாவும் கலந்து பிசைந்து, உருட்டிப் பொரித்தெடுக்கின்றனர். பிறகு அகன்ற கல்லில் மசாலாக் குழம்பில் அதை உதிர்த்துக் கொதிக்கவிட்டு, மேலே பச்சை வெங்காயமும் கொத்துமல்லியும் தூவித் தருகின்றனர். சுவையைக் குறை கூற நம்மால் இயலாது. நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் கோசும் வெங்காயமும் அதில் இருப்பதால், இது முற்றிலும் அயல் உணவு என்றும் கூறிவிட முடியாது. இதன் இடர் அது பொரியும் எண்ணெயிலும், அதைப் பிணைக்கும் மாவிலும், சில கடைகளில் நிறத்துக்காக இடும் பொடியிலும் உள்ளது.

எண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஒரே எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது அது காற்றோடும் பண்டத்தின் ஈரத்தோடும் கலந்து சிதைகிறது. சிதைவினால் உண்டாகும் பொருள்களை விஞ்ஞானிகள் முனைவுச் சேர்மங்கள் என்பர். இவற்றின் மொத்த அளவு நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதித்த விதி 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவிடும் நிறுவனங்கள் அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்றும் ஏற்பட்டது. தள்ளுவண்டிக்காரர் 50 லிட்டரை எங்கே காணப்போகிறார்? அவர் வாணலியில் இன்று மிஞ்சியது நாளைக் காலை புது எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய் கறுத்து, குழைந்து, அடுப்பில் ஏற்றியவுடன் புகைந்து நுரைக்குமாயின் அக்கடையை விட்டு நகர்வதே நன்று. எண்ணெயிலும் கொழுப்பிலும் ஊடு கொழுப்பின் அளவு நூற்றுக்கு 2க்கு மேற்படலாகாது என்ற விதியும் 2022 முதல் அமலில் உள்ளது. விதி உண்டு, வாணலிக்கு அருகே நின்று அளப்பவர் அரியர்.

இனி மாவு. கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கியபின் எஞ்சும் வெள்ளை மாவே மைதா. நார்ச்சத்து பெரும்பாலும் தவிட்டோடு போய்விடுவதால் இது விரைவில் செரித்து இரத்தத்தில் சர்க்கரையாக ஏறுகிறது. விரைவிலேயே மறுபடியும் பசிக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் பெரும் ஆய்வு ஒன்றின் முடிவு 2023இல் வெளியாயிற்று. அதன்படி நாட்டின் வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு நோய் உண்டு. தமிழ்நாட்டில் அது 14.4. அதாவது ஏழு பேரில் ஒருவர். இதற்கெல்லாம் பரோட்டாவே காரணம் என்று கூறுவது மிகையாகும். பாலிஷ் செய்த அரிசியை மூன்று வேளையும் உண்பதும், உடலுழைப்புக் குறைந்ததும் சேர்ந்தே கணக்கில் வரும். எனினும், "உழைக்கிறவனுக்குக் கல்லும் செரிக்கும்" என்று நம்மவர் சொல்லும் ஆறுதல் இக்காலத்துக்குப் பொருந்தாது. குழித்தறியில் மிதிபலகையை நாளெல்லாம் மிதித்த தாத்தாவின் உழைப்பு வேறு. தையல் இயந்திரத்தின்முன் பன்னிரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கும் பேரனின் களைப்பு வேறு. களைப்பு கூடியிருக்கிறது, அசைவு குறைந்திருக்கிறது.

2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தினர் வெளியிட்ட ஒரு சோதனையும் இங்கு அறியத்தக்கது. இருபது பேரை ஓரிடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவையும், இரண்டு வாரம் எளிய முறையில் சமைத்த உணவையும் வேண்டிய அளவு உண்ண விட்டனர். பதப்படுத்திய உணவை உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர், எடையும் கூடிற்று. நம் தள்ளுவண்டிப் பண்டத்துக்கு இம்முடிவை அப்படியே ஒட்ட இயலாது. பொட்டலத்தில் அடைத்த நூடுல்சுக்கும் சிப்ஸுக்கும் ஒட்டும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை விவாதத்துக்கு இடம் குறைவு. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அதே கடையில் உண்ட பலர் மருத்துவமனையில் சேர்ந்தனர். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று 2020ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பள்ளி வாயிலிலிருந்து ஐம்பது மீட்டர் நடந்து பார்த்துவிட்டு வந்தால் அவ்விதியின் நிலை விளங்கும்.

அறத்தைப் பற்றிய வினாவுக்கு வருவோம். உணவுக்கு நாம் கொடுக்கும் ரூபாய் எவர் கைக்குப் போகிறது என்று பார்ப்பது கூட்டுறவாளரின் பழக்கம். மைதாவுக்கான கோதுமை நம் மண்ணின் பெரும்பயிர் அன்று. சோளமும் கம்பும் ராகியும் சாமையுமே கொங்கு நாட்டு மானாவாரி நிலங்களைக் காத்தவை. நெல்லுச் சோறு நோன்பு நாளுக்கு உரியதாக இருந்தது. இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. அதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளையும் பனையின் எண்ணெய். ஆக, உள்ளூர்க் கடையில் உள்ளூர்க்காரர் சமைத்து உள்ளூர்க்காரர் உண்ணும் ஒரு தட்டில், நம் கடலைக் காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் சேர வேண்டிய பங்கு ஏறத்தாழ இல்லை.

கோழியில் பங்கு உண்டு. ஆனால் அதன் தன்மையைக் கவனிக்க வேண்டும். பல்லடம் வட்டாரம் கறிக்கோழிக்கு நாடறிந்தது. நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தருகிறது. கொட்டகை, மின்சாரம், தண்ணீர், உழைப்பு யாவும் விவசாயியுடையவை. ஆறு வாரங்களில் சுமார் இரண்டு கிலோ எடைக்கு வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக் கூலி கிடைக்கும். விலை ஏறினாலும் கூலி அதே விகிதத்தில் ஏறுவதில்லை. நூலையும் வடிவத்தையும் மாஸ்டர் வீவர் கொடுக்க, கூலிக்கு நெய்து கொடுத்த காலத்தை நெசவாளர் மறந்திருக்க மாட்டார்கள். சங்கங்கள் தோன்றியதே அந்நிலையினின்று மீள்வதற்காக அன்றோ?

இதில் நம் தராசும் சம்பந்தப்படுகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் அக்கடைகளில் பாமாயில் வழங்கப்பட்டு வருகிறது. விலை ஏறிய காலங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு அது பேருதவி என்பதை மறுப்பவர் இலர். ஆயினும் பொள்ளாச்சி, உடுமலைத் தென்னை விவசாயிகள் கொப்பரை விலை சரிந்தபோதெல்லாம் ரேஷன் கடைகளில் தேங்காய் எண்ணெய் வழங்குமாறு கோரி வந்துள்ளனர். இவ்வாறு மாற்றுவது இயலாத செயலன்று. 2023 மே மாதத்தில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி வழங்கும் ஏற்பாடு தொடங்கிற்று. ராகிக்கு இயன்றது எண்ணெய்க்கு ஏன் இயலாது என்று விலை வேற்றுமையைக் கணக்கிட்டுப் பார்த்துக் கேட்கலாம்.

தள்ளுவண்டிக்காரரைப் பகைவராகக் கருதுவது நமக்கு ஒவ்வாது. தறியை நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளியவர்கள் நம் ஊர்களில் உண்டு. அவர் பிழைப்பைக் கெடுத்து நம் உடல்நலத்தைக் காப்பதும் ஓர் அறமாகாது. அவருக்கு வேண்டியது நல்ல எண்ணெய் நியாய விலையில் கிடைப்பதும், பழைய எண்ணெயைக் கொட்டாமல் காசாக்க வழியும். பழைய எண்ணெயைத் திரட்டி டீசலுக்கு மாற்றாக்கும் ஏற்பாட்டை மேற்சொன்ன ஆணையமே 2018இல் தொடங்கியது. நாலைந்து வண்டிகளின் எண்ணெயை ஒரு பீப்பாயில் சேர்த்துக் கொடுக்கும் வேலையைச் சங்கம் செய்யலாகாதா?

சங்கமே உணவு வழங்குவதும் முன்மாதிரி இல்லாத செயலன்று. வேலையிழந்த காப்பிக்கடைத் தொழிலாளர்கள் 1957 முதல் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து நடத்திய இந்தியன் காபி ஹவுஸ்கள் பலர் அறிந்தவை. 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் மகளிர் சுய உதவிக் குழுவினர் ஒரு ரூபாய்க்கு இட்டிலி தந்தனர். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் காலைப் பசியை ஏற்றுக்கொண்டது. மாலைப் பசியை இதுவரை எவரும் ஏற்கவில்லை. தறிக்கூடங்களுக்கு அருகே மாலை நான்கு முதல் ஏழு வரை ஒரு சிறு சாலை. அவித்த கடலை, தட்டைப்பயற்றுச் சுண்டல், சந்தகை, கம்மங்கூழ், எள்ளுருண்டை. பொரிப்பது ஒன்றிரண்டே, அதுவும் அங்கத்தினரின் கடலையை ஆட்டிய செக்கெண்ணெயில். நாம் மனத்தில் கொண்டிருப்பது இவ்வளவே.

இதற்குத் தடைகள் சிறியவை அல்ல. சாமையும் செக்கெண்ணெயும் மைதாவையும் பாமாயிலையும்விட விலை மிகுந்தவை. பொரித்த வாசனைக்குப் பழகிய இளைஞர் சுண்டலை முதல் வாரம் நகைப்பர். மீந்த பண்டம் மறுநாளுக்கு உதவாது. முதல் மாதங்களில் நட்டம் வரும். அந்நட்டத்தைப் பொது நல நிதியிலிருந்து ஏற்கத் துணைவிதி இடந்தருமா என்பதை நிர்வாகக் குழு முதலில் பார்க்க வேண்டும். சமைப்பவருக்குக் கூலியும் நேர வரம்பும் ஒழுங்காக இருக்க வேண்டும். தறிக்கூடத்தில் களைத்த பெண்ணைச் சங்கத்து அடுப்படியில் மேலும் களைக்கச் செய்வது நம் நோக்கமன்று.

அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு முன், மாலைப் பண்டங்களுக்கு ஆகும் செலவை ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாதம் தனியே எழுதி வருவது நலம். தொகை, நாட்கள், உண்டவர் எவர் என்ற மூன்றும் போதும். பெயர் எழுத வேண்டியதில்லை. பயிரிடுவோர் கடலை, எள், பயறு வகைகளில் எவ்வளவு, எந்த மாதம், என்ன விலைக்குத் தர இயலும் என்று எழுதித் தரட்டும். இரண்டு தாள்களையும் செயலாளர் ஒன்றாக வைத்துக் கூட்டிப் பார்த்தபின் சாலை எந்தத் தெருவில், எத்தனை பேருக்கு என்பதைப் பேசலாம்.