காது சொல்வதும் கருவி சொல்வதும்

போர்ட்டபிள் மியூசிக் பிளேயர் வாங்கப் போகிறவர் இரண்டு கட்சிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார். அளவீட்டு வரைபடத்தைப் பார்த்தால் போதும், கேட்கவே வேண்டாம் என்பது ஒரு கட்சி. காதைவிடப் பெரிய கருவி கிடையாது என்பது இன்னொன்று. சில ஆயிரத்துக்கும் பிளேயர் கிடைக்கிறது, லட்சத்துக்கு மேலும் கிடைக்கிறது. ஆகவே தவறான கட்சியை நம்பினால் நஷ்டம் பெரிது.

நம்பிக்கை: கேட்டுப் பார்த்தாலே எது நல்லது என்று தெரிந்துவிடும்.

காதால் மட்டும் கேட்டால் தெரியும். ஆனால் கடையில் நிற்கும்போது விலையும் பிராண்டும் உலோகப் பெட்டியின் கனமும் சேர்ந்துதான் நம் தீர்ப்பை எழுதுகின்றன. 1994-இல் ஹார்மன் நிறுவனத்தின் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 40 பேரிடம் சில ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒருமுறை ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரிந்தது, இன்னொருமுறை திரை மறைத்தது. பார்த்துக் கேட்டபோது பெரிய, விலையுயர்ந்த ஸ்பீக்கர்கள் மேலே போயின, சிறிய மலிவு ஸ்பீக்கர் கீழே இறங்கியது. திரை விழுந்ததும் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. இத்தனைக்கும் கேட்டவர்கள் அந்த ஒலி நிறுவனத்தின் ஊழியர்கள்!

இன்னொரு வலை சத்த அளவு. இரண்டு பிளேயர்களில் ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால், 'சத்தம் கூடுதல்' என்று பலருக்கும் தோன்றாது. 'குரல் தெளிவாக இருக்கிறது, பேஸ் நிறைவாக இருக்கிறது' என்றே தோன்றும். வீட்டில் ஒப்பிடுகிறவர்கள் ஒரே டோன் கோப்பை இரண்டிலும் ஓடவிட்டு, இயர்போன் செருகிய நிலையிலேயே மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் பார்த்துச் சமப்படுத்த வேண்டும். வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதன்பின் எது எது என்று தெரியாதபடி வேறொருவர் மாற்றித் தரட்டும். 'வானத்துக்கும் பூமிக்குமான வித்தியாசம்' என்று வர்ணிக்கப்படுவதில் பெரும்பகுதி இந்த இடத்தில் காணாமல் போய்விடும்.

நம்பிக்கை: அளவீடு சுத்தமாக இருந்தால் ஒலியும் சுத்தம்.

எதைச் செருகி அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பழைய பிளேயர்கள் பலவற்றில் ஹெட்போன் துளைக்கு முன்னால் ஒரு கப்பாசிட்டர் இருக்கும். அது 100 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 10,000 ஓம் உள்ள சோதனைக் கருவியை இணைத்தால் அதிர்வெண் கோடு தட்டையாக, அழகாக வரும். அதே துளையில் 16 ஓம் இயர்போனைச் செருகினால் 100 ஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபல் சரியும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி ஒலிக்கும் 41 ஹெர்ட்ஸில் சரிவு 8 டெசிபலைத் தாண்டும். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டாரைத் தேடித் தேடிக் கேட்கிறவருக்கு அது பெரிய இழப்பு. வரைபடம் பொய் சொல்லவில்லை, ஆனால் யாரும் பாட்டுக் கேட்காத நிலையில் எடுத்த அளவு அது. 'பேஸ் போதவில்லை' என்ற காதின் புகார் நியாயமானது. அதை நிரூபித்ததும், இயர்போனைச் செருகி எடுத்த இன்னொரு அளவீடுதான்.

அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது பிளேயரின் ஹெட்போன் துளைக்குள்ளேயே இருக்கும் தடை, அந்த விஷயமும் இப்படித்தான். பல டிரைவர்கள் கொண்ட இயர்போன்களின் மின்தடை அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். ஓரிடத்தில் 10 ஓம், வேறோரிடத்தில் 40 ஓம் என்றால், 10 ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ் உள்ள பிளேயர் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 4 டெசிபல் ஏற்றத்தாழ்வை உண்டாக்கும். 1 ஓம் பிளேயரில் அது அரை டெசிபலைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதே இயர்போன் ஒரு பிளேயரில் இனிமையாகவும் இன்னொன்றில் காது கூசும்படியும் கேட்பதற்கு இதைவிட மர்மமான காரணம் தேட வேண்டியதில்லை.

நம்பிக்கை: ஹை-ரெஸ் பிளேயரில் சிடியைவிட மேலான இசை கேட்கும்.

ஹை-ரெஸ் என்பது சிடியைவிட அதிக விவரத்தோடு பதிவான ஒலி. ஆனால் சிடி தரமே 22 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவு செய்கிறது. மனிதக் காதின் எல்லை சுமார் 20. மேயரும் மோரனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஹை-ரெஸ் ஒலியைச் சிடி தரத்துக்குக் குறைத்து, கேட்பவருக்குச் சொல்லாமல் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை 49.8 சதவீதம். 2016-இல் ஜோஷ்வா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்தபோது அது 52.3 சதவீதமாக இருந்தது. நாணயம் சுண்டினாலே 50 வரும். அந்தச் சிறு மிச்சத்தை அடியோடு மறுக்க வேண்டாம். ஆனால் அதற்காகப் புதுப் பிளேயர் வாங்குவது வீண்செலவு.

நம்பிக்கை: அப்படியானால் காதுக்கு இதில் வேலையே இல்லை.

இது எதிர்க்கட்சியின் மூடநம்பிக்கை. எம்பி3 பிறந்ததே கேட்டுக் கேட்டுத்தான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், பாடகி சுசான் வேகா தனிக்குரலில் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டு அந்தச் சுருக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். எம்பி3 எதையெல்லாம் வெட்டி எறிகிறது என்பதைக் கருவி காட்டிவிடும். வெட்டியது காதுக்கு உறுத்துகிறதா என்பதைக் கேட்டவர்தான் சொல்ல முடியும். ஹெட்போனிலும் அப்படியே. காது மடலின் வடிவம், இயர்போன் முனை பொருந்தும் விதம், பேஸ் எவ்வளவு பிடிக்கும் என்ற ருசி எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. அங்கே கடைசி வார்த்தை காதுக்குத்தான்.

ஃபோனில் ஹெட்போனைச் செருக ஆப்பிள் 9 டாலருக்கு விற்கும் சிறிய டாங்கிளின் இரைச்சலும் பிசிறும் பாட்டுக் கேட்கும்போது காதுக்கு எட்டாத அளவில்தான் இருக்கின்றன, அவுட்புட் இம்பீடன்ஸும் 1 ஓம் அளவில்தான். மின்சாரம் நிறையக் கேட்கும் ஹெட்போன்களுக்கு அது போதாது, சாதாரண இயர்போன்களுக்குத் தாராளம். பெரிய பிளேயரின் பேட்டரி, பட்டன்கள், சேமிப்பிடம் உங்களுக்குப் பிடித்திருந்தால் மனதார வாங்குங்கள். ஒலிக்காக என்றால், பிளேயரை அளவீடு பார்த்துத் தேர்ந்தெடுங்கள், ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். பணத்தின் பெரும்பங்கு ஹெட்போனுக்கே போகட்டும்.