செம்மண் நகரம் விஷ்ணுபூர்

மேற்கு வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில் அமைந்த சிறுநகரம் விஷ்ணுபூர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை ஏறத்தாழ 68,000.

இங்குக் கட்டடக்கல் அரிது. அதனால் மல்ல அரசர்கள் செங்கல்லால் கோயில்கள் எழுப்பினர்; களிமண்ணில் உருவங்கள் வடித்து, சூளையில் சுட்டு, சுவர்களிற் பதித்தனர். 1655இல் எழுந்த ஜோர் பங்களா கோயிலைப் பாருங்கள்! இரண்டு குடிசைகள் ஒட்டி நிற்பதுபோல் தோன்றும். மழைநீர் வழிய மூங்கிலை வளைத்து வேயும் வங்காளக் கூரையையே கொத்தர் செங்கல்லில் அமைத்துவிட்டனர்.

செம்மண் மேட்டுநிலம் ஆதலால் மழைநீர் விரைந்து ஓடிவிடும். அதனைத் தேக்க அம்மன்னர்கள் ‘பாந்த்’ என்னும் ஏரிகளை வெட்டுவித்தனர். லால்பாந்த் அவற்றுள் ஒன்று. கோயில்கள் இன்றும் பேணப்படுகின்றன; ஏரிகள் சிலவோ தூர்ந்து சுருங்கிவிட்டன.

வினா: விஷ்ணுபூர்க் கோயில்கள் செங்கல்லால் கட்டப்பட்டமைக்குக் காரணம் யாது?