இகழ்ச்சியை நடிக்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஷேக்ஸ்பியரின் கொரியோலேனஸ் வேடம் உனக்குக் கிடைத்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பிரதியின் ஓரத்தில் இயக்குநர் 'டிஸ்டெயின்ஃபுல்' (இகழ்ச்சியான) என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், அதைத் தினமும் கண்ணாடி முன் நின்று பழகுகிறேன் என்று எழுதியிருந்தாய். முதலில் அந்தக் கண்ணாடியை விட்டு விலகு. மேடையில் பெயரடையை நடிக்க முடியாது. பிறரை இகழ்கிறவன் என்ன செய்கிறான், எதைச் செய்யாமல் விடுகிறான் என்று தேடு. நடிக்கக்கூடியது அதுதான்.

உதட்டைக் கோணுவது யாருக்கும் வரும். உணர்ச்சிகள் உடலில் வெளிப்படும் விதம் பற்றி டார்வின் 1872-இல் வெளியிட்ட நூலில், இகழ்ச்சியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். உதடும் மூக்கும் அங்கே வருகின்றன. உனக்கு வேண்டியது இன்னொரு குறிப்பு: இமை பாதி மூடுவது, கண்ணையோ உடம்பையோ அப்பால் திருப்பிக்கொள்வது. எதிரே நிற்பவன் பார்க்கக்கூடத் தகுதியற்றவன் என்று அந்த அசைவு சொல்கிறது. கோபம் இதற்கு நேர்மாறு. கோபப்படுகிறவன் எதிராளியை ஒரு பொருட்டாக மதித்துவிட்டான். இகழ்கிறவனுக்கு அந்தச் சிரமமே இல்லை.

அதனால் முதல் காட்சியிலேயே தொண்டையைக் கிழித்துக்கொள்ளாதே. பசியோடு தானியம் கேட்டுத் தடிகளுடன் நிற்கும் ரோம் நகரத்து ஏழைகளை கொரியோலேனஸ் வந்ததும் வராததுமாக வைகிறான். வசை அவனுக்கு மூச்சுவிடுவது போல இயல்பாக வரட்டும். மூன்றாம் அங்கத்தில், மக்கள் பிரதிநிதிகள் 'துரோகி' என்ற குற்றச்சாட்டை வீசி அவனைக் கிளறிவிடுகிறார்களே, குரலை அந்த இடத்துக்குச் சேர்த்து வை.

என்னைக் கேட்டால் இந்த வேடத்தின் திறவுகோல் ஒரு சின்ன இடத்தில் இருக்கிறது. போரில் கொரியோலை நகரம் ரோமானியரிடம் விழுந்துவிட்டது. கொள்ளைப் பொருளில் பத்தில் ஒரு பங்கு தருகிறேன் என்கிறார் தளபதி. அவன் மறுத்துவிட்டு ஒரே ஒரு உதவி கேட்கிறான். இந்த ஊரில் ஓர் ஏழை எனக்குத் தங்க இடம் கொடுத்து அன்பாக நடத்தினான், இப்போது கைதியாக இருக்கிறான், அவனை விடுவியுங்கள் என்கிறான். தளபதி உடனே சம்மதிக்கிறார். பெயர் என்ன என்று கேட்கிறார்கள். அவனுக்கு மறந்துபோயிற்று. களைப்பாக இருக்கிறது, மது இருக்கிறதா என்று கேட்கிறான். அவ்வளவுதான், பேச்சு அவன் காயங்களுக்குத் தாவிவிடுகிறது.

ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தது பண்டைய கிரேக்க எழுத்தாளர் ப்ளூடார்க்கிடமிருந்து. தாமஸ் நார்த் 1579-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை அவர் படித்திருந்தார். அங்கே உபசரித்தவன் செல்வந்தன். பெயர் மறந்ததாக ஒரு சொல்கூட இல்லை. அவனை ஏழையாக்கியதும் பெயரை மறக்கவைத்ததும் ஷேக்ஸ்பியர்தான். நன்றாகக் கவனி தம்பி, அந்த ஏழைமீது அவனுக்கு வெறுப்பே கிடையாது, நன்றிதான் இருக்கிறது. ஆனாலும் ஏழையின் பெயர் அவன் மனதில் தங்கவில்லை. அந்த மறதியில் இருக்கும் இகழ்ச்சி அவன் வசைகள் எதிலும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். அங்கே நிறுத்தாதே, நெற்றியைத் தேய்க்காதே, அவையைப் பார்க்காதே. மதுவைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடு. உன் ஒத்திகைக் கூடத்துக்கு டீ கொண்டுவருபவரின் பெயர் உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அது ஏன் தெரியவில்லை என்று யோசித்துப் பார். இந்த வேடத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது சந்தைக் காட்சி. பதவிக்காக எளிய அங்கி அணிந்து, எள்ளல் தொனிக்கும் பேச்சில் மக்களிடம் ஆதரவு கேட்கிறான். நகை பிறக்கும் காரணங்கள் நான்கில் எள்ளலைத்தான் தொல்காப்பியர் முதலில் வைத்தார். அந்த எள்ளலுக்கு உன் அவையும் சிரிக்கும். சிரிப்பைத் துரத்திப் போகாதே. அவன் போனபிறகு குடிமக்கள் தங்களுக்குள் வாதாடுகிறார்கள்: நம்மைக் கேலி செய்தான் என்கிறான் ஒருவன்; இல்லை, அவன் பேச்சே அப்படித்தான் என்கிறான் மற்றொருவன். நீ எவ்வளவு காட்ட வேண்டும் என்பதற்கு இந்த வாதமே அளவு. வெளிப்படையாகக் கேலி செய்தால், வாக்களித்தவர்கள் முட்டாள்களாகிவிடுவார்கள். பிறகு அவையும் உன்னோடு சேர்ந்து ஏழைகளை இகழத் தொடங்கும். அது நடந்துவிடக் கூடாது.

1959-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் இந்த வேடத்தில் தலைகீழாகத் தொங்கியபடி இறப்பதாக நடித்ததைப் பற்றி நீயும் படித்திருப்பாய். அந்தச் சாகசத்தை இப்போதைக்கு மறந்துவிடு.

இன்னொன்றை இந்த வாரமே இயக்குநரிடம் கேள். குடிமக்களாக நடிப்பவர்களோடு உனக்குத் தனி ஒத்திகை வேண்டும். வழக்கமாக அவர்களைக் கடைசி வாரத்தில் கும்பலாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர்களுடைய பசி மேடையில் உண்மையாக இல்லாவிட்டால் உன் இகழ்ச்சி நியாயம்போலத் தோன்றிவிடும். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் தொழிலும் வைத்துக்கொள்ளச் சொல். அந்தப் பெயர்களை உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்