சேவையகம் படிப்பது எது, உலாவி பெறுவது எது?

மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பி தொடங்கியதும் மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே கோப்பில் எச்டிஎம்எல்லும் பிஎச்பியும் கலந்திருக்கின்றன. எந்த வரியை யார் படிக்கிறார் என்பது விளங்குவதில்லை.

திண்டுக்கல்லில் என் வகுப்பில் இதை மாற்றுச் சான்றிதழைக் காட்டித் தொடங்குகிறேன். அச்சிட்ட படிவம் எல்லோருக்கும் ஒன்றுதான். சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து அலுவலகம் கோடிட்ட இடங்களை நிரப்புகிறது. பெற்றோர் பெறுவது நிரப்பிய தாள். பதிவேடு அலுவலகத்திலேயே இருக்கிறது. படிவம் எச்டிஎம்எல், அலுவலகம் சேவையகம், பெற்றோர் உலாவி.

அடுத்து, கரும்பலகையில் இரு நிறச் சுண்ணக்கட்டிகள். வெள்ளையில் 'வணக்கம்' என்றும், அருகே சிவப்பில் <?= $பெயர் ?> என்றும் எழுதுகிறேன். பிஎச்பியில் மாறியின் பெயரைத் தமிழிலும் எழுதலாம். சேவையகம் வெள்ளையைத் தொடாமல் அனுப்பும்; சிவப்பை இயக்கி, அவ்விடத்தில் விடையை வைக்கும். ஒரு மாணவரை அழைத்து, சிவப்பை அழித்துவிட்டு விடையை வெள்ளையில் எழுதச் சொல்கிறேன். இப்போது பலகையில் இருப்பதுதான் உலாவிக்குப் போகும் பக்கம்.

மடக்குக்கும் இதே பயிற்சிதான். பழனி, நத்தம், ஆத்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் ஆகிய ஐந்து ஊர்களை ஓர் அணியில் இடுகிறோம். ஃபார்ஈச் மடக்கின் தொடக்கமும் முடிவும் சிவப்பு. இடையிலுள்ள பட்டியல் ஒட்டு வெள்ளை. அதனுள் வரும் ஊர்ப்பெயர் மாறி சிவப்பு. நாம் எழுதுவது ஒரு பட்டியல் வரி; உலாவிக்குப் போவது ஐந்து.

ஆய்வகத்தில் இதைச் சரிபார்க்க, உலாவியில் பக்கத்தின் மூலத்தைப் பார்த்தால் போதும். சேவையகம் வழியாகத் திறந்த பக்கத்தின் மூலத்தில் பிஎச்பி வரி எதுவும் இராது. அதே கோப்பை எச்டிஎம்எல் என்ற பின்னொட்டுடன் சேமித்து, சேவையகம் இல்லாமல் நேரடியாகத் திறந்தால், பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். மூலத்தில் சிவப்பு வரி அப்படியே கிடக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கச் செய்யுங்கள்.

இது தேர்வோடு முடியும் செய்தி அன்று. மைஎஸ்க்யூஎல் இணைப்பைக் கற்பிக்கும்போது தரவுத்தளத்தின் கடவுச்சொல்லையும் சிவப்புப் பகுதியில்தான் எழுதுகிறோம். சேவையகம் அவ்வரியை இயக்கும்வரை அது வெளியே போகாது. இயக்காமல் அனுப்பிவிட்டால், மூலத்தைத் திறக்கும் எவரும் அதைப் படித்துவிடலாம்.

ஆகவே ஒவ்வொரு நிரலுக்கும் மூன்று வினாக்கள் கேட்கிறேன்: இந்த வரி எங்கே இயங்குகிறது? உலாவிக்கு என்ன போகிறது? எது போகவே கூடாது?