புந்தலக் களப்புகள்

இலங்கைத் தீவின் தென்கோடியில், அம்பாந்தோட்டை நகருக்குக் கிழக்கே, கடலையொட்டி அமைந்துள்ளது புந்தல தேசியப் பூங்கா. பூங்கா என்னும் பெயர் கேட்டுச் சோலையையும் மலர்ப் பாத்திகளையும் எண்ணிச் செல்வோர் ஏமாற்றமே அடைவர். முள்மரக் காடும், மணற்குன்றும், உப்பளமும், ஆழமற்ற உவர்நீர்ப் பரப்புகளுமே ஆங்கு உள்ளன. கடலினின்றும் மணல்மேட்டால் பிரிக்கப்பட்ட அத்தகைய நீர்ப்பரப்பைத் தமிழகத்தார் காயல் என்பர். இலங்கைத் தமிழர் களப்பு என வழங்குவர். மட்டக்களப்பு என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல் நிலைபெற்றிருத்தலைக் காணலாம்.

புந்தல, எம்பிலிகல, மலல முதலிய களப்புகளைக் கொண்ட இப்பகுதி 1969இல் சரணாலயமாகவும், 1993இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. ஈரநிலங்களைக் காத்தற்பொருட்டு 1971இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் உருவான உலக உடன்படிக்கையின் பட்டியலில், இலங்கையிலிருந்து முதன்முதல் இடம்பெற்றதும் இதுவே.

புரட்டாசி தொடங்கிப் பங்குனி வரையிலான காலமே பறவைகளைக் காண ஏற்றது. வடபுலக் குளிருக்கு அஞ்சி வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சேற்றின்மீது ஓடியாடி இரை தேடும். கூழைக்கடாக்கள் மீனை வளைத்துப் பிடிக்கும். கரையோரத்தில் மரக்கட்டைபோல் முதலை கிடக்கும். உகாயும் உடைமரமும் அடர்ந்த புதருக்கு அப்பால் யானையொன்று நின்றாலும் நிற்கும். எனினும் ஒரு காலத்தில் மக்களை இங்கு ஈர்த்தவை பூநாரைகளே. ஆயிரத்திற்கும் மேற்பட்டவை ஒருங்கு கூடி நின்றதுண்டு.

பூநாரை உண்ணும் முறை விந்தையானது. அது நெடுங்கழுத்தைத் தாழ்த்தி, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகை நீருள் செலுத்தும். நாவால் நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற அமைப்பில் நுண்ணுயிர்கள் தங்கிவிடும். அவ்வுயிர்களுட் பல உவர்நீரிற் செழிப்பவை. பறவையின் செந்நிறமும் அவ்வுணவினின்றே வருவது. மாரி மழையால் களப்பு நிறைதலும், கோடை வெயிலால் வற்றி உவர்ப்பு மிகுதலும் ஆண்டுதோறும் மாறிமாறி நிகழ்ந்தமையால் அவ்விருந்து குறைவின்றிக் கிடைத்தது. அண்மையிலுள்ள உப்பளங்களும் அதே வெயிலையும் உவரையும் நம்பியவையே. எழுத்தாளராகப் பின்னாளிற் புகழ்பெற்ற லெனார்டு உல்ப், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் ஆட்சி அலுவலராயிருந்தபோது, இப்பகுதியின் உப்புத் தொழிலை மேற்பார்த்து வந்தார்.

1980களில் கிரிந்தி ஓயா என்னும் ஆற்றின் குறுக்கே லுணுகம்வெகர நீர்த்தேக்கம் எழுந்தது. வறண்ட நிலத்தில் நெல் விளைந்தது. குடியேறிய உழவர் பிழைத்தனர். அஃது இகழத்தக்க செயலன்று. ஆனால் வயலிற் பாய்ந்து வடிந்த நீர் எங்குச் சென்று சேரும் என்பது போதிய அளவு எண்ணப்படவில்லை. உரம் கலந்த அந்நன்னீர் எம்பிலிகலக் களப்பில் புகுந்து, அதனோடு இணைந்த மலலக் களப்பையும் எட்டியது. உவர்ப்புக் குறைந்தது, சம்பு முதலிய நன்னீர்ச் செடிகள் தலைதூக்கின, இறால் பிடிப்போர் வருவாய் இழந்தனர். பூநாரைக் கூட்டங்களும் நாளடைவில் அருகின. உயிர்களுக்கெல்லாம் அமிழ்தமாகிய நன்னீரே இக்களப்புகளுக்குக் கேடாயிற்று.

கரையிலும் ஒரு பகை உண்டு. தமிழகத்தார் நன்கறிந்த சீமைக்கருவேலம், உவர்நிலத்தைத் திருத்தும் நோக்குடன் 1950களில் அம்பாந்தோட்டைப் பகுதியில் நடப்பெற்றது. அதன் இனிய காய்களைத் தின்ற கால்நடைகள் சாணத்தின் வழியே விதைகளைப் பூங்காவெங்கும் பரப்பின. பறவைகள் உலவிய திறந்த வெளிகளை இப்போது அம்முட்புதர் மூடிவருகிறது. வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் தழைக்குமாதலின், அதனை வேரோடு பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கிறது. முள் கையிற் குத்த, வெயில் முதுகைச் சுட, பணியாளர் ஒவ்வொரு தூராகத் தோண்டியெடுக்கின்றனர்.